தியானத்தில் உட்காரும்போது உடம்பில் எழுபவை: ஆட்டம், சூடு, விறைப்பு, மயிர்க்கூச்செறிதல்

28 மே, மாலை. திருக்கோவில் வாசகர் ஒருவரின் கேள்வி

சில மாதங்களாக விடியற்காலையில் தியானத்தில் உட்காருகிறேன். மூச்சைக் கவனிப்பதுதான் பயிற்சி; ஆசிரியர் யாரும் இல்லை. சிறிது நேரத்தில் உடம்பு இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. நான் ஆட்டுவதில்லை, தானாக ஆடுகிறது. முதுகின் நடுவே ஒரு சூடு மேலேறுகிறது. கைகள் பூசணிக்காய் அளவுக்குப் பருத்துவிட்டதாகத் தோன்றுகிறது. முடிவில் இடது கால் விறைத்துப்போகிறது. அம்மன் சடங்கு நடக்கும் நாட்கள் என்பதால் பெரியம்மா, தெய்வம் வருகிறது, தடுக்காதே என்கிறார். காணொளி ஒன்றில் இதையே குண்டலினி என்றார்கள். நண்பன் நரம்புத் தளர்ச்சி என்கிறான். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

28 மே, இரவு 9.40. களுவாஞ்சிகுடி

காலிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்டவற்றில் அவசரமானது அதுதான்.

இரத்த ஓட்டம் நின்றுபோவதால்தான் கால் விறைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். தொட்டுப் பாருங்கள். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது அந்த நரம்பு. வெறுந்தரையில் சம்மணமிட்டு இருக்கும்போது அந்த இடம் தரையிலோ மற்றக் காலிலோ அழுந்துகிறது. முதலில் விறைப்பு, அழுத்தம் விலகியதும் ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பு. இதில் ஆன்மிகம் எதுவும் இல்லை, ஆபத்தும் பெரும்பாலும் இல்லை. ஆனால் எல்லை உண்டு. முழந்தாளிட்டுக் குதிகால்மேல் மணிக்கணக்கில் இருந்து யோகம் செய்த ஒருவருக்குப் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போனதை 1971 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள்.

ஆகவே விறைப்புத் தொடங்கியதும் காலை மாற்றுங்கள். பிட்டத்தின் கீழே உயரமாக எதையாவது வைத்து, முழங்கால்கள் இடுப்பை விடத் தாழ்ந்திருக்கும்படி உட்காருங்கள். முடிந்த கையோடு துள்ளி எழும்ப வேண்டாம். காலை நீட்டி, உணர்வு திரும்பும்வரை இருங்கள். சில நிமிடங்களில் திரும்பிவிடும். நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் தடுக்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

நான் மருத்துவமாதாக, அதாவது பிரசவம் பார்ப்பவளாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் அல்ல. நெடுங்காலமாகத் தியானத்தில் உட்காருகிறேன். மற்றவற்றை நாளைக்கு எழுதுகிறேன்.

29 மே, அதிகாலை 5.50

ஆட்டம்.

எழுந்து நின்று கண்ணை மூடிப் பாருங்கள், தம்பி. உடம்பு மெல்ல அசைவது தெரியும். யாருக்கும் தெரியும். மனித உடம்பு ஒருபோதும் முழுதாக அசையாமல் நிற்பதில்லை, உட்காருவதும் இல்லை. கண், உட்காது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. கண்ணை மூடினால் மூன்றில் ஒன்று விலகிவிடுகிறது, ஆட்டம் கூடுகிறது. அதோடு ஒவ்வொரு மூச்சும் நெஞ்சைத் தூக்கித் தாழ்த்துகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்பும் உடம்பை மயிரிழை அளவு தள்ளுகிறது. பகலில் வேலைக்கிடையில் இதையெல்லாம் யார் கவனிப்பது? உட்கார்ந்து கவனித்தால் தெரிகிறது. கவனம் அந்த அசைவின்மேல் விழுந்ததும் உடம்பு அதற்கு இசைந்து கொடுக்கிறது. சிறிய அசைவு பெரிதாகிறது. நீங்கள் ஆட்டவில்லை என்பது உண்மைதான். அதனாலேயே வேறு யாரோ ஆட்டுகிறார்கள் என்று ஆகிவிடாது.

ஆட்டம் தொடங்கியதும் கண்ணைப் பாதி திறந்து, எதிரே தரையில் ஓரிடத்தைப் பாருங்கள். அடங்கினால் காரணம் சமநிலைதான். தலை முன்னால் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தால் அது தூக்கம். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் முதற் பாதம் 31 ஆவது சூத்திரம் நான்கைச் சொல்கிறது: துக்கம், மனச்சோர்வு, அங்கங்களின் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. மனம் சிதறும்போது கூடவே வருபவை இவை என்பது அவர் கணக்கு. அங்க நடுக்கத்தை அவர் சித்திகளின் வரிசையில் வைக்கவில்லை. காணொளிக்காரர்கள் இந்தச் சூத்திரத்தைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

29 மே, மாலை

கைகள் பருத்ததாகத் தோன்றுவது. இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. தோலும் மூட்டும் மாற்றத்தைத்தான் மூளைக்கு அறிவிக்கின்றன. அசையாமல் வைத்திருந்தால் செய்தி குறைகிறது, கை எங்கே முடிகிறது என்ற எல்லை மங்குகிறது. சிலருக்குக் கை பெரிதாகிறது, சிலருக்குக் கையே இல்லாமல் போகிறது. சுண்டு விரலை அசையுங்கள், கை பழைய அளவுக்கு வந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. தேடிப் போகவும் வேண்டாம்.

1 யூன், இரவு

காரைதீவிலிருந்து ஒருவர், தெய்வத்தை நரம்பாக்கிவிட்டீர்கள் என்று கோபித்திருக்கிறார். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தெய்வம் ஆடுபவர்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். என் தாய்வழி உறவில் ஒருவர் ஆடினார். உடுக்கைச் சத்தம் உரத்து வரும்போது முதலில் அவருடைய கால் பெருவிரல்தான் மண்ணை ஊன்றும். பிறகு கெண்டைக்கால் துடிக்கும். மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும். அதற்குப் பிறகுதான் உடம்பு முழுவதும் ஆடும். அவர் அதற்கு முன் நோன்பிருந்திருப்பார். ஊரே சுற்றி நிற்கும். கையில் வேப்பிலை, எதிரே பூசாரி. எப்போது விட வேண்டும், எப்போது தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசி அமர்த்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். முடிந்ததும் இளநீர் கொடுத்துப் பாயில் கிடத்துவார்கள். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வயலுக்குப் போய்விடுவார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர்களும் அப்படித்தான். நோன்பு, காலம், இடம், ஊர் எல்லாம் கூட நிற்கின்றன. அந்த வழிபாட்டை நான் நரம்பென்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

திருக்கோவில் தம்பியின் நிலை வேறு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே, விடியுமுன், மூச்சைக் கவனிக்கிறார். உடுக்கையும் இல்லை, பூசாரியும் இல்லை, அமர்த்துபவரும் இல்லை. தெய்வம் வருகிறது என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சொல் விழுந்தபிறகு அவர் மூச்சைக் கவனிப்பதில்லை, வருகைக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கும் உடம்பு இறுகுகிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு, தலை இலேசாதல், சிலருக்கு விரல்கள் மடங்கி விறைத்தல் எல்லாம் வருகின்றன. பிரசவ விடுதியில் பயந்துபோன பெண்களிடம் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மூச்சை மெதுவாக்கினால் தணிந்துவிடும்.

பெரியம்மாவிடம் வாதாட வேண்டாம். கோயிலுக்கு அவரோடு போங்கள், கும்பிடுங்கள். வீட்டில் உட்காரும் நேரத்தில் மட்டும் ஆட்டத்துக்குப் பெயர் வைக்காமல் இருங்கள்.

2 யூன். திருக்கோவில் வாசகர்

அக்கா, கண்ணைப் பாதி திறந்து பார்த்தேன். ஆட்டம் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. படுப்பது பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான். சூட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

3 யூன், காலை

பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் தியானம் தூக்கத்தைத்தான் கடன் கேட்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சூடு. உடம்பு தளரும்போது தோலுக்கு அருகில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கை கால் விரல்கள் வெதுவெதுப்பாகின்றன. இதை யாரும் உட்கார்ந்த சில நிமிடங்களில் உணரலாம். பயிற்சியால் இதைப் பெருக்கவும் முடிகிறது. திபெத்திய மரபில் தும்மோ என்ற பயிற்சி உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன், இந்தியாவில் மேல் தர்மசாலாவில் வாழ்ந்த துறவிகளை அளந்து 1982 இல் நேச்சர் இதழில் எழுதினார். விரல்களின் வெப்பம் 8.3 பாகை செல்சியஸ் வரை உயர்ந்திருந்தது. சூடு கற்பனை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். உடம்பு சுடுகிறதென்றால் உண்மையிலேயே சுடலாம்.

முதுகு நடுவே ஏறுவது இன்னொன்றாகவும் இருக்கலாம். முதுகை வலிந்து நிமிர்த்தி வைத்திருந்தால் முள்ளந்தண்டின் இரு பக்கத் தசைகளும் ஓயாமல் உழைக்கின்றன. உழைக்கும் தசை சுடும். சுவரில் முதுகு சாய்த்து ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். சூடு போய்விட்டால் அது தசையின் வேலை. போகாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வறண்ட, சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. சாத்திய அறையில் உட்காருகிறீர்களா என்பதையும் பாருங்கள்.

குண்டலினியைப் பற்றி: நம் சித்தர் மரபில் அது பெரிய விடயம். குருவின் பக்கத்தில், ஒழுக்கத்தோடு, ஆண்டுகளாகச் செய்யும் சாதனை. முதுகில் சூடு வந்ததும் அந்தப் பெயரை எடுத்துச் சூட்டுவது அந்த மரபுக்கே மரியாதையாகாது.

9 யூன், பகல்

இன்று காலையில் நடந்ததை எழுதி வைக்கிறேன், மறக்குமுன்.

மூக்கின் வலப்பக்க மடலுக்கு மேலே ஓர் அரிப்பு. நுளம்பு அல்ல, வலைக்குள்தான் இருந்தேன். முதலில் ஒரு புள்ளிச் சூடு. அது கூர்மையானது. பிறகு விளிம்பு விரிந்து கன்னம் வரை வந்தது. அப்போது வலக் கை மடியில்தான் கிடந்தது, ஆனால் தோளின் முன்பக்கத் தசை ஏற்கெனவே இறுகிவிட்டது. கை எழும்புமுன் தோள் எழும்பத் தயாராகிவிட்டது. தாடையும் இறுகியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருந்தது. அரிப்பு இருந்த இடம் ஒரு மிளகளவு. அதற்காக உடம்பில் பாதி புறப்பட்டு நின்றது. தோளைத் தளர்த்தினேன். அரிப்பு இன்னும் கூர்மையாகியது, கண்ணில் நீர் வந்தது. பிறகு எப்போது போனது என்று தெரியவில்லை. போனதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அந்த நினைப்பில் இருந்தபோதே போய்விட்டது.

உணர்ச்சியைக் கவனிப்பது என்று எல்லோரும் சொல்வதில் நான் கண்டது இதுதான். அரிப்பு ஒரு பங்கு. அதை நோக்கிப் புறப்படும் தோளும் தாடையும் நாக்கும் இன்னொரு பங்கு. இரண்டாவது பங்கைப் பார்க்கத் தொடங்கியபிறகுதான் எனக்குத் தியானத்தில் ஏதோ பிடிபட்டது.

14 யூன், இரவு

மேலே அரிப்பைப் பற்றி எழுதியது வலிக்கும் பொருந்தும். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொன்ன இரண்டு அம்புகள் பலருக்குத் தெரிந்திருக்கும். பயிலாதவனுக்கு உடம்பில் வேதனை வரும்போது மனமும் துயரப்பட்டு இரண்டு அம்புகள் பாய்கின்றன, பயின்றவனுக்கு ஓர் அம்புதான் என்பது அதன் சாரம்.

எனக்கு இது பிரசவ விடுதியில்தான் விளங்கியது. பிரசவ வலி அலையலையாக வரும், நடுவில் ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் சில பெண்கள் கண்ணை மூடி, தோள் தளர்ந்து, தூங்கியே போவார்கள். வேறு சிலருக்கு ஓய்வே கிடைக்காது. வலி இல்லாத அந்த நிமிடங்களிலும் அடுத்தது வருகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேருக்கும் கருப்பை சுருங்குவது ஒரே மாதிரித்தான். அவர்கள் திடமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் பிரசவம், பக்கத்தில் ஆளில்லை, பயம் என்று காரணங்கள் இருந்தன. கையைப் பிடித்து, மூச்சை நீட்டி விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றால் பலருக்குப் பிடி தளரும். வலி அதே வலிதான்.

15 யூன், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாரும் முழங்கால் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. பிரசவ வலி உடம்பு செய்யும் வேலை. மூட்டுக்குள் குத்தும் வலி அப்படியல்ல, உடம்பு வேண்டாம் என்று சொல்வது அது. தொடையிலும் இடுப்பிலும் பரவலாக வரும் மந்தமான உளைச்சலோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்கலாம். முழங்கால் மூட்டுக்குள் கூராகக் குத்தினாலோ, எழும்பிய பின்னும் வலி நீடித்தாலோ அந்த இருக்கையை விட்டுவிடுங்கள். 28 ஆம் திகதி எழுதிய விறைப்பும் இந்த இரண்டாவது வகைதான்.

20 யூன்

பத்து நாள் முகாமுக்குப் போகலாமா என்று செங்கலடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நான் போயிருக்கிறேன். விபாசனா தியானம் கற்பித்த கோயங்காவின் மரபில் நிலையம் ஒன்று பேராதனைக்கு அருகே ஹிந்தகலையில் இருக்கிறது. பேச்சு இல்லை. முதல் மூன்று நாட்கள் மூக்கருகே மூச்சு. நான்காம் நாளிலிருந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை, ஒவ்வோர் அங்கமாக, என்ன உணர்ச்சி இருக்கிறதோ அதை அறிந்து அடுத்த இடத்துக்குப் போவது. அதன்பின் நாளுக்கு மூன்று வேளை, ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கும் உறுதி. பர்மியத் துறவி மகாசி சயாதோவின் மரபு வேறு மாதிரி. அங்கே வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள். உணர்ச்சி ஒன்று மேலோங்கினால் மட்டும் அதைக் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்புவார்கள். உடம்பையே துருவிப் பார்த்துப் பயந்துகொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்கு இரண்டாவது இலகு என்பது என் எண்ணம்.

கோயங்காவே உடம்பின் வேதனையால்தான் தியானத்துக்கு வந்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மோர்பின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பர்மாவின் கணக்காளர் நாயகமாக இருந்த ஊ பா கின்னிடம் போனபோது, தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டால் தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். நோய் போவதற்காக உட்காருகிறேன் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் சம்பவம் இது.

22 யூன்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி: தொழுகையின் கடைசி இருப்பில் நெடுநேரம் துஆ கேட்கும்போது வலது கால் விரல்கள் எரிகின்றன, அதுவும் இதே நரம்புதானா? விரல்களை மடித்து ஊன்றி இருப்பதால் விரல் மூட்டுகளில் பாரம் விழுகிறது, அதுவே பெரும்பாலும் காரணம் சகோதரி. தொழுகை முடிந்தபின் நெடுநேரம் துஆ கேட்பதானால் வசதியாக இருந்து கேட்கலாம்தானே. ஆனால் எரிவு தொழாத நேரத்திலும் வந்தால், இனி எழுதப் போவதைப் படியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. நீரிழிவைப் பற்றி ஒன்று எழுத நினைத்திருக்கிறேன்.

26 யூன்

இருக்கையைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். அம்பாறை மாவட்டத்து இராசகலையில், பௌத்தத் துறவிகள் வாழ்ந்த, மழைநீர் உள்ளே வடியாமல் நெற்றியில் வெட்டு விட்ட பழைய கற்குகைகளைப் பார்த்தவர்கள், அந்தத் துறவிகள் கல்லிலே இருந்தார்களே, எனக்கு எதற்கு மெத்தை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கும் துறவிகளின் ஒழுக்க விதியான விநயத்தில் உட்காரும் விரிப்பு ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. என்னிடம் இருப்பது பன்பாய், அதன்மேல் இரண்டாக மடித்த போர்வை, பிட்டத்தின் கீழ் பஞ்சு இறுகிய பழைய தலையணை. புதுத் தலையணை அமுங்கிப்போகும், உதவாது.

2 யூலை, அதிகாலை

மயிர்க்கூச்செறிதல். கேட்டவர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார், அதற்குத் தேவையே இல்லை. அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், தியானத்தில் வரும் மகிழ்ச்சியை ஐந்து வகையாகச் சொல்கிறார்: மயிர் சிலிர்க்கச் செய்யும் சிறியது; மின்னல் போல் கணத்தில் வந்து போவது; அலை கரையில் மோதுவது போல் திரும்பத் திரும்ப வருவது; உடம்பைத் தூக்குவது போன்றது; உடம்பெங்கும் நிறைவது. நம் அடியார்களும் மெய் சிலிர்த்ததையும் கண்ணீர் பெருகியதையும் அன்பின் அடையாளமாகத்தான் பாடியிருக்கிறார்கள். ஆகவே அது வந்தால் மகிழலாம். எனக்கு வந்தபோது நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் அதே நேரத்தில், அதே பாயில், அது வரவேண்டும் என்று உட்கார்ந்தால்தான் துன்பம் தொடங்குகிறது. இன்பமான உணர்ச்சியை நோக்கியும் தோள் புறப்படும். 9 யூனில் எழுதிய தோள்தான்.

6 யூலை

எனக்குத் தெரிந்த ஒருவர் நெடுநாளாகப் பாத எரிவோடு தியானம் செய்துவந்தார். உடம்பின் அழுக்கு வெளியேறுகிறது, சகித்துக்கொள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவருக்கு நீரிழிவு இருந்தது. சோதித்தபோது சீனியின் அளவு மிகவும் கூடியிருந்தது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல்களில் தொடங்கி மேலேறும் எரிவோ மரப்போ, குறிப்பாக இரவில் படுக்கும்போது கூடுவது, உட்காரும் முறையால் வருவதல்ல. நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது அப்படித்தான் வரும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தாலும் வரும். சந்தேகமிருந்தால் இரத்தத்தைச் சோதியுங்கள். நெஞ்சில் பாரம் அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல் என்றால் தியானத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நினைவு தப்பி உடம்பு வெட்டி இழுத்தால் அதைத் தெய்வமென்றும் குண்டலினியென்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

உட்காரும்போது மட்டும் வருகிறதா, மற்ற நேரத்திலும் வருகிறதா? யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்.

18 யூலை, இரவு

இதை எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் இதை எழுதாமல் உடம்பைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது.

கடற்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த பெண் ஒருவர், மனம் ஆறுதலடையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தியானத்துக்கு வந்தார். கண்ணை மூடி மூச்சைக் கவனித்ததும் தொண்டை அடைத்தது, நெஞ்சு இறுகியது, கைகள் நடுங்கின. ஆழிப்பேரலை அடித்த 2004 டிசம்பர் 26 அவருடைய உடம்பில் இருந்தது. வேறு சிலருக்கு அதற்கு முந்தைய யுத்த காலம் இருக்கிறது: காவலரண், சுற்றிவளைப்பு, வீட்டுக்குத் திரும்பாதவர்கள். மனம் மறந்துவிட்டதாக நினைப்பதை, சத்தமில்லாத அறையில் மூடிய கண்ணும் அடங்கிய மூச்சும் உடம்பில் எழுப்பிவிடும். அவருக்கு மூச்சே வாசலாக இருந்தது. தண்ணீருக்குள் மூச்சுத் திணறிய ஒருவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படி எழும்போது பொறுத்திரு, பார்த்துக்கொண்டிரு, கரைந்துவிடும் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. மேலே அரிப்புக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. அரிப்போடு இருந்து பார்க்கலாம். இதோடு தனியே இருக்கச் சொல்லக் கூடாது. கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். கதிரையில் இருத்தி, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். அறையில் கண்ணுக்குத் தெரியும் பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வையுங்கள். எழுந்து முற்றத்தில் நடக்கலாம், பாதம் மண்ணில் படுவதை மட்டும் கவனித்துக்கொண்டு. அந்தப் பெண் இப்போதும் உட்காருவதில்லை. காலையில் முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றின் பிடியையும் பாதத்தையும் கவனிக்கிறார். அது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது, எனக்கும் அதில் குறை தெரியவில்லை.

இவர்களைப் பத்து நாள் முகாமுக்கு அனுப்ப வேண்டாம். பெரும்பாலான ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. அங்கே பேசுவதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

19 யூலை

நேற்றைய குறிப்புக்கு ஆரையம்பதியிலிருந்து ஒருவர் எழுதியதை அவருடைய அனுமதியோடு சேர்க்கிறேன். உட்காரும்போது இடது காதில் மட்டும் ஒரு இரைச்சல் வருமாம். ஷெல் விழுந்த காலத்திலிருந்து அந்தக் காது கேட்பது குறைவாம். இத்தனை நாளும் அதை, யோகத்தில் உள்ளே கேட்கும் என்று சொல்லும் நாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் காது வைத்தியரிடம் காட்டுவதுதான் முதல் வேலை. காட்டிய பிறகும் இரைச்சல் இருக்குமானால், மூச்சைப் போல அதையும் வந்து போகும் சத்தமாகக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். அவர் கிளினிக்குக்குத் திகதி எடுத்துவிட்டார்.

3 ஓகஸ்ட், காலை

சித்தாண்டியிலிருந்து வந்த கேள்வி: எழுபது வயதைக் கடந்த அம்மா தரையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், எழும்பும்போது தலை சுற்றுகிறது, தியானத்தில் ஏதோ நடக்கிறது என்கிறார்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கி, அழுத்தம் குறைந்து, தலை சுற்றும். வயதானவர்களுக்கு இது அதிகம். மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள். கைப்பிடி உள்ள மரக் கதிரை நல்லது. பாதம் முழுதும் தரையில் படவேண்டும், எட்டாவிட்டால் கீழே பலகை வையுங்கள். முடிந்ததும் கணுக்காலைப் பல தடவை மேலும் கீழும் அசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, எழுந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, பிறகு நடக்கட்டும். தரையை விட்டுவிட்டால் பக்தி குறைந்துவிடும் என்று நினைக்கிறாரானால், கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் கேட்பது உடலும் தலையும் கழுத்தும் நேராக அசையாமல் இருப்பதைத்தான், கதிரையிலும் அது முடியும் என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாட்களுக்கு அவர் எழும்பும் நேரத்தில் யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.